மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை இழுத்துச் செல்லும் முறைகள்
வைக்க இடம் குறைந்த இல்லத்தார்க்கு ஒரு பாடம்

நம் நாட்டுத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் புதிய காட்சியன்று. கால்களின் வலிமை குன்றியோர் பலர், சாதாரணக் 'கப்சாய்' மோட்டார் சைக்கிளின் பின்புறத்தில் இரு சக்கரங்களைப் பொருத்தி, அதன் துணையால் கடைக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்கும் சென்று வருகின்றனர். காய்கறியும் பலகாரமும் விற்போர் சிலர், பின்புறம் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகின்றனர். 1958ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் கப்' வண்டியே இக்கப்சாய் இனத்தின் மூதாதை. 2017ஆம் ஆண்டில் அவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது. உதிரிப் பாகங்கள் சிறு பட்டணத்திலும் கிடைப்பதால், இவ்வண்டியையே மூன்று சக்கரமாக மாற்றிக்கொள்வது எளிதாயிற்று.

ஆயினும் வண்டி என்றால் ஒரு நாள் பழுதாகத்தான் செய்யும். இரு சக்கர வண்டி நின்றுவிட்டால் அதனை ஒருவர் தள்ளிக்கொண்டே பட்டறைக்குச் செல்லலாம். இருவர் சேர்ந்து தூக்கி லோரியில் ஏற்றலாம். மூன்று சக்கர வண்டியோ அகலமும் எடையும் மிகுந்தது. அதன் உரிமையாளரே நடக்க இயலாதவராக இருந்தால், அவ்வண்டியைத் தள்ளுவது யார்? பட்டறை பத்து, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் என் செய்வது?

இதற்கெனத் தனியே ஓர் இழுவண்டி, அதாவது டிரெய்லர், வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கூறுவர். லயத்து வீட்டில் அதனை எங்கே வைப்பது? தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடியில் குடியேறியோர்க்கு அந்த வாசலும் இல்லை. எனவே, குறைந்த இடத்தில் வைக்கக்கூடிய கருவிகளைக் கொண்டு இவ்வண்டியைப் பத்திரமாகக் கொண்டு செல்லும் முறைகளை இப்பாடத்தில் ஆராய்வோம். முன்புறம் ஒன்றும் பின்புறம் இரண்டுமாகச் சக்கரங்கள் அமைந்த வண்டியையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அளக்க வேண்டியவை

எக்கருவியையும் வாங்குமுன் நான்கு அளவுகளை ஒரு தாளில் குறித்து வைத்தல் வேண்டும். வண்டியின் நீளம் முதலாவது. பின்சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரையுள்ள அகலம் இரண்டாவது. எடை மூன்றாவது. வீட்டில் கருவியை வைக்கக் கிடைக்கும் இடத்தின் அளவு நான்காவது. பலர் முதல் மூன்றைக் கேட்டறிந்து, நான்காவதை மறந்துவிடுகின்றனர். வாங்கிய பின்னர் அக்கருவி மழையிலும் வெயிலிலும் கிடந்து துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

எடையை ஊகித்தல் கூடாது. பெட்டியும் கூரையும் இரும்புச் சட்டமும் சேர்ந்தபின், ஒரே இனத்து வண்டிகள் இரண்டு ஒரே எடையாக இருப்பதில்லை. செம்பனை ஆலையில் பழ லோரிகளை நிறுக்கும் எடைமேடை உண்டு. அலுவலகத்தில் அனுமதி பெற்று, வேலை ஓய்ந்த நேரத்தில் அதில் நிறுத்திப் பார்க்கலாம். அம்மேடை பெரும் பாரங்களுக்கானது. சில கிலோ கூடக் குறையக் காட்டக்கூடும். நம் தேவைக்கு அது போதும். முன்சக்கரம் மட்டும் தாங்கும் எடையை அறிய, மூட்டை நிறுக்கும் தராசைப் பயன்படுத்தலாம். அவ்வாறு நிறுக்கும்போது பின்சக்கரங்களின் கீழும் தராசின் உயரத்திற்குப் பலகை வைத்து, வண்டியைச் சமமாக நிறுத்துதல் அவசியம்.

செய்யத்தகாத இரண்டு

நம் சாலைகளில் நாம் அன்றாடம் காணும் வழக்கம் ஒன்று உண்டு. பழுதான மோட்டார் சைக்கிளை, பின்னால் வரும் மற்றொரு மோட்டார் சைக்கிளோட்டி தம் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு செல்வதே அது. இரு சக்கர வண்டிக்கே ஆபத்தான இவ்வழக்கம், மூன்று சக்கர வண்டிக்குச் சிறிதும் பொருந்தாது. பின்சக்கரங்கள் இரண்டும் வெளியே நீண்டிருப்பதால், தள்ளுபவரின் கால் சக்கரத்தில் சிக்கும். ஒரு பக்கமாகத் தள்ளும்போது வண்டி மறுபக்கம் திரும்ப முயலும்.

மற்றொன்று, கயிறு கட்டி இழுத்தல். கயிறு இழுக்கும், நிறுத்தாது. முன்னே செல்லும் வண்டி வேகத்தைக் குறைத்தால் பின்னே வரும் வண்டி அதன்மேல் மோதும். இடையில் கயிறு தளர்ந்து தரையில் விழுந்தால், முன்சக்கரம் அதன்மேல் ஏறிச் சுற்றிக்கொள்ளும். மீண்டும் இழுபடும்போது ஏற்படும் வெட்டில் கைப்பிடி கையைவிட்டுப் பறிபோகும். இவற்றைத் தடுக்க யாரேனும் ஒருவர் இழுபடும் வண்டியில் அமர்ந்து பிரேக்கும் திசையும் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது. பெரும்பாலும் அவ்வாறு அமர்த்தப்படுபவர் யார்? கால் வலிமையற்ற அவ்வுரிமையாளரே. வண்டி கவிழ்ந்தால் குதித்துத் தப்ப இயலாத ஒருவரை அதில் அமர்த்தி இழுப்பது உதவியாகாது. இழுபடும் வண்டியில் எவரும் அமரலாகாது என்பதை இப்பாடத்தின் முதல் விதியாகக் கொள்க.

முதல் முறை: வண்டியை வண்டியில் ஏற்றுதல்

தோட்டத்து லோரி, நண்பரின் பிக்கப், டிராக்டரின் பின்வண்டி ஆகியவற்றுள் ஒன்றை அனுமதியுடனோ வாடகைக்கோ பெற்று, மூன்று சக்கர வண்டியை முழுதாக அதன்மேல் ஏற்றிச் செல்வதே யாவற்றிலும் பத்திரமான முறை. பழுதான வண்டியின் சக்கரமோ அச்சோ உடைந்திருந்தாலும் இம்முறை உதவும். வீட்டில் நாம் வைத்திருக்க வேண்டியவை மூன்று சாய்வுப் பலகைகளும், நான்கு இறுக்குப் பட்டைகளும், சில ஆப்புக்கட்டைகளுமே. பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். பட்டைகளை ஆணியில் மாட்டலாம்.

பலகை ஏன் மூன்று? இரு சக்கர வண்டிக்கு ஒரு பலகை போதும். காருக்கு இரண்டு வேண்டும். நம் வண்டிக்கோ முன்சக்கரம் நடுவிலும் பின்சக்கரங்கள் இருபுறமும் ஓடுவதால், மூன்று தடங்கள் உண்டு. இரண்டு பலகைகளோடு ஏற்ற முனைந்து, முன்சக்கரத்தைக் கையால் தூக்குவோர் முதுகைக் கெடுத்துக்கொள்கின்றனர்.

பலகையின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கப் பள்ளியில் கற்ற சாய்தளப் பாடம் துணைபுரியும். தள்ளுவதற்கு வேண்டிய விசையை அறிய, வண்டியின் எடையை ஏற்ற வேண்டிய உயரத்தால் பெருக்கி, பலகையின் நீளத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வண்டி 180 கிலோ என்றும், பிக்கப்பின் தளம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரம் என்றும் கொள்வோம். பலகை 200 சென்டிமீட்டர் நீளமானால், 180ஐ 70ஆல் பெருக்கி 200ஆல் வகுக்க, 63 கிடைக்கும். அதாவது, ஏறத்தாழ 63 கிலோ பாரத்தைத் தூக்குவதற்குச் சமமான விசையுடன் தள்ள வேண்டும். பலகை 300 சென்டிமீட்டர் நீளமானால் அது 42ஆகக் குறையும். உராய்வினால் சற்றுக் கூடுதலாகவே வேண்டியிருக்கும்.

நீண்ட பலகை வேலையை எளிதாக்குகிறது. ஆனால் வீட்டில் அதிக இடம் பிடிக்கிறது. இந்நெருக்கடிக்குத் தோட்டத்திலேயே விடை உண்டு. உயரத்தைக் குறைத்தால் பலகையும் குறுகும். சாலையோர மண்மேட்டில் மூன்று சக்கர வண்டியை நிறுத்தி, தாழ்ந்த பக்கத்தில் பிக்கப்பைப் பின்னோக்கிக் கொண்டுவந்து நிறுத்தினால், உயர வேற்றுமை 20 சென்டிமீட்டராகக் குறையலாம். அப்போது 200 சென்டிமீட்டர் பலகையில் வேண்டிய விசை 18 கிலோ அளவே. மேடு உறுதியான மண்ணாக இருத்தல் வேண்டும்; மழை பெய்து இளகிய கரையில் இதனைச் செய்யலாகாது.

ஏற்றும்போது வண்டிக்கு நேர் கீழே எவரும் நிற்கலாகாது. இருவர் இருபுறமும் நின்று தள்ள, ஒருவர் கைப்பிடியின் பக்கமாக நின்று திசையும் பிரேக்கும் பார்க்க, மற்றொருவர் ஆப்புக்கட்டையுடன் ஒதுங்கி நின்று, வண்டி நிற்கும் ஒவ்வோரிடத்திலும் பின்சக்கரத்தின் பின்னே கட்டையை இடுவாராக. பலகைகள் வழுகி விழாதவாறு அவற்றின் தலைப்பைப் பிக்கப்பின் தளத்தோடு பிணைத்தல் முக்கியம்.

இரண்டாம் முறை: முன்சக்கரத் தொட்டில்

காரின் பின்புறத்தில் உருண்டைத் தலை கொண்ட இழுகொக்கி பொருத்தப்பட்டிருந்தால் இம்முறை கைகொடுக்கும். இரும்பாலான சிறு தொட்டில் ஒன்றை அக்கொக்கியோடு இணைத்து, மூன்று சக்கர வண்டியின் முன்சக்கரத்தை அதில் ஏற்றிக் கட்டிவிட வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டும் சாலையில் உருண்டு வரும். வண்டி தானே ஓர் இழுவண்டியாகிவிடுவதால், தனியொரு டிரெய்லர் தேவையில்லை. இரு பின்சக்கரங்கள் இருப்பதால் இவ்வண்டி சாயாமல் நிமிர்ந்தே வருகிறது. தொட்டிலைக் கழற்றிச் சமையலறை மூலையிலும் வைத்துவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை ஐந்து.

1. காரின் கொக்கி தாங்கும் பாரம் எவ்வளவு என்பதைக் காரின் கையேட்டில் பார்த்து, தராசில் கண்ட முன்சக்கர எடையோடும், எடைமேடையில் கண்ட மொத்த எடையோடும் ஒப்பிடுதல் வேண்டும். தொட்டிலின் எடையையும் கூட்டிக்கொள்க.

2. வளைவுகளில் ஏதேனும் ஒன்று திரும்பியாக வேண்டும். தொட்டில் சுழலும் வகையைச் சேர்ந்ததாயின், கைப்பிடியை நேராக வைத்து அசையாமல் கட்ட வேண்டும். தொட்டில் சுழலாததாயின், கைப்பிடியின் பூட்டைத் திறந்துவிட வேண்டும். கைப்பிடி ஓரளவே திரும்பும் ஆதலால், கூர்மையான வளைவுகளில் திருப்பலாகாது. தொட்டில் வாங்கும்போதே எவ்வகை என்று கேட்டறிக.

3. சாலையில் உருளும் பின்சக்கரங்களே இயந்திரத்தோடு இணைக்கப்பட்டவை. கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். இயந்திரம் ஓடாமல் சக்கரம் மட்டும் நெடுந்தூரம் சுழன்றால், கியர்ப் பெட்டியின் உட்பகுதிகளுக்குப் போதிய எண்ணெய் கிட்டாமல் தேய்வு ஏற்படலாம். ஆகவே, தூரம் அதிகமாயின் செயினைக் கழற்றிவிடுதல் நன்று. செயின் இணைப்புத் துண்டைச் சிறு புட்டியில் இட்டு மூடி வைத்தால் தொலையாது.

4. நிறுத்து பிரேக் விடுபட்டிருக்கிறதா, டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா, சக்கரங்கள் ஆட்டமின்றிச் சுழல்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். முன்புறம் உயரும்போது பின்புறம் தாழும். பெட்டியோ படியோ சாலையில் உரசுமா என்பதையும் காண்க.

5. தொட்டில் கழன்றாலும் வண்டி தனியே ஓடிவிடாதபடி, இரு காப்புச் சங்கிலிகளைக் குறுக்காகப் பூட்டி, பின்புறத்தில் கழற்றக்கூடிய விளக்குப் பலகை ஒன்றை மாட்டுதல் வேண்டும்.

இழுபடும் வண்டிக்குத் தனியே பிரேக் இயங்காது. அதன் பாரம் முழுவதையும் காரே நிறுத்தியாக வேண்டும். வேகம் இரு மடங்கானால், நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆதலின் நிதானமாகச் செல்லுதலும், முன்னுள்ள வண்டியிலிருந்து வழக்கத்திற்கு அதிகமான இடைவெளி விடுதலும் இன்றியமையாதவை.

மூன்றாம் முறை: மடக்கு டிரெய்லர்

அடிக்கடி வண்டியைக் கொண்டு செல்ல வேண்டியவர்க்கு டிரெய்லரே வசதி. நடுவில் மடங்கி, சிறு உருளைகளின்மேல் செங்குத்தாக நிற்கும் டிரெய்லர்கள் உள்ளன. மடக்கி நிறுத்தினால் அது அலமாரி போல் சுவரோரம் நிற்கும். ஆனால் இருவர் துணையின்றி அதனை மடக்குவது கடினம். அது சாய்ந்து குழந்தைகள்மேல் விழாதபடி, சுவரில் வளையம் அடித்துச் சங்கிலியால் பிணைத்து வைத்தல் வேண்டும். மூன்று சக்கர வண்டியின் அகலம் டிரெய்லரின் தளத்தில் அடங்குமா என்பதை முன்பு குறித்து வைத்த தாளைக் கொண்டு உறுதி செய்க.

டிரெய்லரில் பாரம் வைக்கும் இடமும் ஒரு கல்வி. பாரம் பின்தள்ளி அமைந்தால், டிரெய்லரின் மூக்கு மேலெழுந்து, ஓடும்போது வால் ஆடும். ஆட்டம் முற்றினால் காரையும் புரட்டும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அழுந்துமாறு வண்டியை முன்தள்ளி நிறுத்துவது பொது விதி. டிரெய்லர் 120 கிலோ, வண்டி 180 கிலோ எனில் மொத்தம் 300 கிலோ. கொக்கியின்மேல் சுமார் 30 கிலோ அழுந்த வேண்டும். மூட்டைத் தராசினாலேயே இதனையும் அளக்கலாம்.

கட்டும் கலை

வண்டியைத் தளத்தின்மேல் ஏற்றியபின், அதனை நான்கு திசைகளுக்கும் இழுத்துக் கட்டுதல் வேண்டும். முன்புறப் பட்டைகள் இரண்டும் கைப்பிடியின் அடிப்பகுதியிலுள்ள உறுதியான இரும்பிலிருந்து முன்னோக்கி இருபுறமும் இறங்கட்டும். பின்புறப் பட்டைகள் இரண்டும் பின் அச்சின் சட்டத்திலிருந்து பின்னோக்கி இருபுறமும் செல்லட்டும். பிளாஸ்டிக் உறைகளிலும், விளக்குகளிலும், பிரேக் குழாய்களிலும் கட்டலாகாது. முன்புற ஸ்பிரிங் பாதியளவு அமுங்கும் வரை இறுக்கினால் போதும். முழுதும் அமுக்கினால் எண்ணெய் அடைப்புகள் கெடும். தளத்தின்மேல் ஏற்றிய வண்டிக்கு முதல் கியரையும் நிறுத்து பிரேக்கையும் இட்டு, சக்கரங்களுக்கு ஆப்புக்கட்டை வைத்து, பெட்ரோல் குழாயை அடைக்க வேண்டும்.

நைலான் கயிறு ஈரத்தில் அதிகம் நீளும். நீண்டால் கட்டுத் தளரும். பாலியெஸ்டர் பட்டை குறைவாகவே நீளும். பட்டையில் தைக்கப்பட்டுள்ள சீட்டில் அது தாங்கும் பாரம் அச்சிடப்பட்டிருக்கும். சீட்டு இல்லாத பட்டையை வாங்காதீர்கள். புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, எல்லாக் கட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்குதல் வேண்டும்.

வைத்திருக்கும் முறை

கருவிகளை வெயிலில் போட்டால் பட்டையின் நூல் இற்றுப்போகும். மழையில் போட்டால் இரும்பு துருவேறும். இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. வெளியே கிடக்கும் டிரெய்லரின் தளத்திலும், பழைய டயரிலும், தார்ப்பாய் மடிப்பிலும் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி, கொசு பெருக இடமளிப்பது குற்றமாகும். ஆகவே, வாரம் ஒருமுறை நீரை வடித்தல் வேண்டும். டிரெய்லரைச் சாய்த்தோ செங்குத்தாகவோ வைத்தால் நீர் தேங்காது. அடுக்குமாடியில் வசிப்போர் படிக்கட்டிலும் நடைபாதையிலும் எதையும் வைக்கலாகாது. தீ நேரிட்டால் அவையே உயிர் தப்பும் வழி.

ஒரு வீட்டிற்கு ஒரு டிரெய்லர் என்பது தேவையுமில்லை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தோ, இளைஞர் மன்றம் அல்லது ஆலய நிர்வாகம் மூலமாகவோ ஒன்றை வாங்கிப் பொதுக் கொட்டகையில் வைக்கலாம். யார் எடுத்தார், எந்த நாளில் திருப்பினார், என்ன பழுது என்பவற்றை எழுத ஒரு குறிப்பேடும், சாவிக்குப் பொறுப்பாக ஒருவரும் இருந்தால் சச்சரவு எழாது. வீட்டிலிருப்பது பட்டைகளும் ஆப்புக்கட்டைகளும் மட்டுமே.

சட்டமும் உரிமையாளரும்

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், மோட்டார் வண்டியால் இழுக்கப்படும் வண்டியையும் மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. எனவே டிரெய்லர் வாங்குமுன்னும், காரில் இழுகொக்கி பொருத்துமுன்னும், தொட்டில் முறையில் பொதுச் சாலைக்குச் செல்லுமுன்னும் அருகிலுள்ள சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்தில் பதிவு, உரிமம், காப்புறுதி ஆகியவற்றைக் கேட்டறிதல் வேண்டும். கேட்பதற்குக் கட்டணமில்லை.

இறுதியாக, உதவ முன்வரும் இளைஞர்களுக்கு ஒரு சொல். அவ்வண்டி அதன் உரிமையாளருக்குக் கால்களைப் போன்றது. அவரைக் கேளாமல் கட்டுவதும் இழுப்பதும் முறையன்று. எங்கே இரும்பு உறுதியாக உள்ளது, எங்கே பற்றவைத்த இடம் பலவீனமானது என்பதை அவரே நன்கறிவார். அவர் அமர்ந்து வர முன்வண்டியில் இருக்கையும், அவருடைய ஊன்றுகோலுக்கோ சக்கர நாற்காலிக்கோ இடமும் ஒதுக்கியபின்னரே வண்டியை ஏற்றத் தொடங்குங்கள். வண்டி பட்டறையில் தங்கிவிட்டால், அவர் வீடு திரும்பவும் மறுநாள் வேலைக்குச் செல்லவும் யார் துணை என்பதையும் அன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

குழுவாகப் படிப்போர்க்குச் சில வினாக்கள்

1. உங்கள் தோட்டத்தில் அல்லது குடியிருப்பில் மூன்று சக்கர வண்டி வைத்திருப்போர் எத்தனை பேர்? அவர்களுள் தாமே நடக்க இயலாதவர் எத்தனை பேர்?

2. 150 கிலோ எடையுள்ள வண்டியை 60 சென்டிமீட்டர் உயரத்திற்கு, 250 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகையில் ஏற்ற வேண்டிய விசை எவ்வளவு? (விடை: 36 கிலோ அளவு.)

3. வண்டியை ஏற்றுவதற்கேற்ற உறுதியான மண்மேடு உங்கள் பகுதியில் எங்குள்ளது?

4. பொதுவில் ஒரு டிரெய்லர் வாங்கினால், மழைநீர் தேங்காமல் அதனை வைக்க ஏற்ற இடம் எது? சாவி யாரிடம் இருக்க வேண்டும்?